திருப்பிப் போட்ட கல்

மேட்டூரில் அணை கட்டி முடித்த மறுவருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கொல்லிமலைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்த மேகமெல்லாம் புதுச்சத்திரத்தின் தலைக்கு மேலாகவே கடந்து போயிற்று. சோளம் முழங்கால் உயரத்தில் நின்று கருகியது. காட்டில் வேலை இல்லை. கையில் ஒன்றும் இல்லாத வருஷத்தில் ஆட்டுக்கல்லும் அம்மியும் யார் வாங்குவார்கள்? கல்வேலைக்காரன் கந்தவேல் அடித்துப் போட்டிருந்த உரல்கள் பாறையடியில் வெயில் காய்ந்து கிடந்தன. அந்த நேரத்தில்தான், ஊர் நிலத்துக்கெல்லாம் வரி வாங்கும் மிட்டாதாரின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாடிப்படியைச் சரிபண்ண வேண்டும், பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு உடனே வா என்று.

எதற்கென்று கந்தவேலின் பெண்டாட்டி பாவாயி கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம். போன அமாவாசையை ஒட்டி மிட்டாதார் குழந்தைவேலின் பெண்டாட்டி சுப்பம்மாள் அந்தப் படியில் வழுக்கி உருண்டு செத்துப்போனாள் என்று சொன்னார்கள். ஆத்தூரிலிருந்து பெண்ணின் தாய் வந்து சேருவதற்கு முன்பே எரித்தும் முடித்துவிட்டார்கள். தேய்ந்த படி இன்னும் யாரையாவது காவு வாங்குவதற்குள் அதைச் சமன்படுத்த வேண்டும் என்பது வீட்டுப் பேச்சு. தையில் குழந்தைவேலுக்கு மறு கல்யாணம் என்பது வெளிப் பேச்சு.

அந்தப் பக்கத்துப் பன்னிரண்டு ஊருக்கும் அப்படி ஒரு படி வேறெங்கும் கிடையாது. குழந்தைவேலின் பாட்டனார் வீடு கட்டியபோது சலவைக்கல்லைக் கப்பலில் பட்டணத்துக்கு வரவழைத்து, அங்கிருந்து ரயிலில் சேலத்துக்கும், சேலத்திலிருந்து வைக்கோல் மெத்தை போட்ட வண்டிகளில் ஊருக்கும் கொண்டுவந்தாராம். பாலாடை நிறத்துக் கல். ஆனால் மாடியில் ஒரு பக்கம் தானியக் களஞ்சியம் இருந்ததால் அறுவடைக்கு அறுவடை மூட்டை சுமக்கிறவர்களின் மண் காலெல்லாம் அதன் மேல்தான் ஏறி இறங்கிற்று. போதாததற்குப் பளபளப்பு வேண்டுமென்று தினமும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். புளி சலவைக்கல்லைத் தின்றுவிடும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. படிகளின் நடுவில் அகப்பைக் குழிபோலப் பள்ளம் விழுந்துவிட்டது.

கந்தவேலுக்கு அந்த வேலை தெரியும். இளவட்டமாக இருந்தபோது ஏற்காட்டில் ஒரு துரை பங்களாவுக்குக் கல் பாவியிருக்கிறான். தேய்ந்த கல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கடப்பாரையால் நெம்பி எடுத்து, குப்புறத் திருப்பினால் வெளிச்சமே பார்க்காத அடிப்பக்கம் புதுசாக இருக்கும். அதை உளியால் கொத்திச் சமன் செய்து, பள்ளம் விழுந்த பக்கத்தைக் கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த சுண்ணாம்பில் பதிய வைக்க வேண்டும். அது வரைக்கும் அவன் வேலை. அதற்கப்புறம் பாவாயியின் வேலை. முதலில் ஆற்று மணல், பிறகு குருந்தக்கல் பொடி, பிறகு அதையே வேட்டித் துணியில் சலித்த மாவு என்று தண்ணீர் விட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். குருந்தக்கல் சித்தம்பூண்டிக் காடுகளில் ஏர் ஓட்டும்போது மேலே வரும். அதை வாங்கி வந்து உலக்கையால் இடிப்பதும் அவள்தான். கல் மினுங்க ஆரம்பிக்கும்போது உள்ளங்கைத் தோல் உரிந்து சிவந்திருக்கும். மாலையில் களி கிண்டினால் கை காந்தும்.

பின்கட்டு வழியாகத்தான் வர வேண்டும், போக வேண்டும். கைக்குழந்தையைக் கொல்லையில் வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டு அவள் உள்ளே வருவாள். குழந்தை அழுதால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் ஆத்தாயி குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு கை ஆட்டிவிடுவாள். மத்தியானம் ஆளுக்கொரு உருண்டை ராகிக் களியும் கொள்ளுச் சாறும் கொல்லையில் வந்துவிடும். ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. மழை பெய்யாமலே குளிர் மட்டும் வந்தது. ஈரக் கல்லில் மண்டி போட்டுத் தேய்த்தால் முழங்கால் மரத்துப்போயிற்று.

கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக மேலேறிப் போனார்கள். பாவாயி ஒவ்வொரு கல்லையும் திருப்புவதற்கு முன்னால் உற்றுப் பார்த்தாள். சுப்பம்மாள் நடுப்படியில் வழுக்கி, அடிப்படியில் தலை மோதி, அங்கேயே ரத்தம் கக்கிச் செத்தாள் என்பதுதான் கேள்விப்பட்டது. ஆனால் நடுப்படியில் பள்ளம் இருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. அடிப்படியும் வெள்ளையாகவே இருந்தது. சலவைக்கல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் சிந்தினாலே வருஷக்கணக்கில் காட்டிக்கொடுக்கிற கல் அது. கழுவியிருப்பார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவள் மேற்கொண்டு தேய்த்தாள்.

படி முடிந்து மாடி தொடங்கும் இடத்தில் ஓர் அகலக் கல் போட்டிருந்தது. அதற்கு எதிரே குழந்தைவேலின் படுக்கையறைக் கதவு. அந்தக் கல்லில் தேய்மானம் அதிகம் இல்லை. ஆனால் சுவரோரமாக, யாரும் கால் வைக்காத மூலையில், ஒரு முறம் அகலத்துக்குப் பழுப்பு படர்ந்திருந்தது. அந்த இடம் மட்டும் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சொரசொரப்பாகிக் கிடந்தது. காரியஸ்தர் காளியண்ணன் வந்து நின்று, அந்தக் கறையை மட்டும் எடுத்தால் போதும் என்றார். பாவாயி ஒரு பகல் முழுவதும் தேய்த்தாள். குருந்தக்கல் சேறு செம்மண் கலந்ததுபோல் வழிந்ததே தவிரக் கறை போகவில்லை. உள்ளே இறங்கியிருந்தது.

தண்ணீர் கொண்டுவந்த ஆத்தாயி குனிந்து குடத்தைச் சாய்க்கும்போது, பாவாயியின் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னிக்கு விடியறதுக்குள்ள இதத் தேச்சுக் களுவுன்னு என்னத்தான் எளுப்புனாங்க. அம்மிணி இங்கதான் கெடந்துச்சு. அப்புறந்தான் கீள தூக்கிப் போட்டாங்க. நீ ஒண்ணுங் கேக்காத, நானும் ஒண்ணுஞ் சொல்லுல."

அவள் வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாவாயியின் கை அந்தக் கல்லின் மேல் அப்படியே நின்றது. மறுநாள் காளியண்ணன் வந்து பார்த்துவிட்டு, இதையும் திருப்பிப் போட்டுவிடு என்றார். கந்தவேல் ஏன் என்று கேட்கவில்லை. நெம்பினான், திருப்பினான், சுண்ணாம்பு மேல் படுக்க வைத்து மரச் சுத்தியால் தட்டினான். கறை அடியில் போயிற்று. மேலே பாலாடை நிறத்தில் ஒரு புதுப் பக்கம் வந்தது.

அன்று வீடு திரும்பும்போது பாவாயி அவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் நடையை நிறுத்தாமலே பேசினான். பாறை யாருடையது என்று கேட்டான். மிட்டாதார் வாயசைத்தால் நாளைக்கு அந்தப் பாறையில் உளி வைக்க முடியாது, குடியிருக்கிற சாளையும் அவர் இடத்தில்தான் நிற்கிறது, செத்தவள் எழுந்து வரப் போகிறாளா என்றான். அவன் சொன்னதில் எதுவும் பொய் இல்லை.

அந்தக் கல்லை மினுக்கிக்கொண்டிருந்த அன்று ஆத்தூரிலிருந்து கூண்டுவண்டி வந்தது. சுப்பம்மாளின் தாய் முத்தாயம்மாள் வந்திருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமான, ஒடிசலான மனுஷி. புதுப் பெண்டாட்டி வரப்போகிற வீட்டில் பழைய சீர்ப் பாத்திரம் எதற்கு, எடுத்துக்கொண்டு போகட்டும் என்று இந்த வீட்டிலிருந்தே சொல்லியனுப்பியிருந்தார்கள். அண்டாவும் குத்துவிளக்கும் செம்புமாக முற்றத்தில் எடுத்து அடுக்கியிருந்தது. அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை. நேரே படியருகே வந்து, தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கியிருந்த பாவாயியிடம், எம் பொண்ணு வழுக்குன படி எதும்மா என்று கேட்டாள்.

கந்தவேல் மேல்படியில் நின்று பாவாயியைப் பார்த்தான். காளியண்ணன் கீழே தூணோரம் நின்றிருந்தார். பாவாயி நடுப்படியைக் காட்டினாள். எவ்வளவு குழி இருந்தது என்று முத்தாயம்மாள் கேட்டாள். பாவாயி விரலை மடக்கிக் காட்டினாள். ஈரக் காலோடு வந்தால் விழுவார்களா என்று கேட்டாள். விழுவார்கள் என்றாள் பாவாயி. அந்த அம்மாள் படியில் உட்கார்ந்து, கல்லைத் தடவித் தடவி அழுதாள். ஆனால் எழுந்தபோது அவள் முகத்தில் ஏதோ இறக்கி வைத்த மாதிரி ஒரு தெளிவு இருந்தது. "அப்ப படிதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல், பாத்திரங்களை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, இரவுக்குச் சத்திரத்தில் தங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

அன்று பாவாயிக்குக் களி இறங்கவில்லை. குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் வெறும் கல்லைத் தடவிக்கொண்டிருந்தது கண்ணுக்குள் வந்து நின்றது. செத்த இடம் இது என்று ஒரு பொய் இடத்தைக் காட்டிவிட்டோமே, அதைக் கட்டிக்கொண்டு அழுதாளே என்று நினைத்து நினைத்துப் புரண்டாள்.

காலையில் கந்தவேல் முன்னால் வேலைக்குப் போனான். பாவாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். சத்திரத்துக் கிணற்றடியில் வண்டி நின்றிருந்தது. வண்டிக்காரர் சின்னுசாமி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முத்தாயம்மாள் முகம் கழுவிவிட்டு வண்டியில் ஏறப்போன சமயம்.

"நேத்து நான் பொய் சொல்லிப்போட்டனுங்க ஆத்தா" என்றாள் பாவாயி.

முத்தாயம்மாள் திரும்பிப் பார்த்தாள். பாவாயி நிறுத்தாமல் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று இருந்தது.

"உங்க அம்மிணி படியில உளுகுலீங்க. மேல, மாடிக் கல்லுல, செவுத்தோரமா ரத்தம் ஊறிக் கெடந்துதுங்க. நாந்தான் தேச்சேன். போவுலீங்க. அப்புறம் அந்தக் கல்லத் திருப்பிப் போடச் சொன்னாங்க. எங்கூட்டுக்காரரு போட்டுட்டாருங்க. கீள்ப்படியில ஒரு சொட்டு இல்லீங்க."

அந்த அம்மாள் கிணற்று மேடையில் உட்கார்ந்தாள். ரோட்டில் ராசிபுரம் போகிற மோட்டார் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. புழுதி அடங்கியதும் முத்தாயம்மாள் கேட்டாள்.

"நேத்து நீ சொன்னதே போதும்னு கெளம்பிக்கிட்டு இருந்தேன். இத ஏம்மா வந்து சொன்ன?"

பாவாயி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றாள்.

"எம் பொண்ணு ஆவணியில வந்தா. தனியா, மோட்டார்ல. ரவிக்கையக் கழட்டி முதுகக் காட்டுனா. நான் எண்ண காச்சித் தேச்சு உட்டேன். நாலு நாளு சோறு போட்டேன். அப்புறம் நானே கூட்டியாந்து அந்த வாசல்ல உட்டுட்டுப் போனேன். இன்னும் ரெண்டு பொண்ணு இருக்குது, ஊரு என்னா பேசும்னு. அவ அழல. சரிம்மான்னு சொல்லிட்டு உள்ள போனா." முத்தாயம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டினாள். "படி வழுக்கிருச்சுன்னா அது படி செஞ்சது. நேத்து ராத்திரி நான் தூங்குனேன் தெரியுமா? இத்தன நாளு கழிச்சுத் தூங்குனேன். இப்ப அது நான் செஞ்சதா ஆயிருச்சு."

பாவாயி அவள் காலடியில் உட்கார்ந்தாள். குழந்தை தரையில் இறங்கி மண்ணை அளைந்தது. வண்டிக்காரர் மாடுகளைப் பூட்டாமல் தள்ளியே நின்றார். அந்த அம்மாள் குனிந்து பாவாயியிடம் கேட்டாள்.

"அந்தக் கல்ல எடுக்க முடியுமா?"

"முடியுமுங்க. சுண்ணாம்பு இன்னம் எறுகுல."

"எடுத்தா உங்களுக்கு என்னா ஆவும்?"

"பாறை போயிருமுங்க. ஊடும் போயிரும்."

முத்தாயம்மாள் எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாவாயிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "வாங்க ஆத்தா" என்றாள்.

அவர்கள் முன்வாசல் வழியாகவே உள்ளே போனார்கள். பாவாயி அந்த நிலைவாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. குழந்தையை ஆத்தாயி கையில் கொடுத்துவிட்டு அவள் படியேறினாள். காளியண்ணன் என்ன ஏது என்று குறுக்கே வந்தார். முத்தாயம்மாள் அவரைப் பார்க்காமலே ஏறிப் போனாள். பெண்ணைப் பறிகொடுத்த தாயை அத்தனை வேலைக்காரர்கள் பார்க்கக் கையைப் பிடித்து இழுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

மேலே கந்தவேல் உட்கார்ந்து சந்துகளுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தான். அந்தக் கல்லை எடுக்க வேண்டும் என்று முத்தாயம்மாள் சொன்னாள். அவன் பாவாயியைப் பார்த்தான். பிறகு காளியண்ணனைப் பார்த்தான்.

"எறுகிப்போச்சுங்க. எடுத்தா ஒடஞ்சுபோகும்" என்றான்.

பாவாயி சுவரோரம் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள். சந்தில் கொடுத்து உடம்பெல்லாம் சாய்த்து அழுத்தினாள். உரிந்த கையில் இரும்பு வழுக்கியது. இரண்டாம் தடவை அழுத்தியபோது கல் ஈரச் சுண்ணாம்பை விட்டு, சேற்றிலிருந்து கால் எடுப்பதுபோன்ற சத்தத்தோடு எழும்பியது. அவளால் அதைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. அப்போது கந்தவேல் எழுந்து வந்து மறுபக்கத்தைப் பிடித்தான். அவன் முகம் யாரையும் பார்க்கவில்லை. இருவருமாக அதைத் திருப்பிச் சுவரில் சாய்த்தார்கள்.

முத்தாயம்மாள் வாளித் தண்ணீரைச் சாய்த்து, அதில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கையாலேயே வழித்துக் கழுவினாள். பழுப்பு தெரிந்தது. காளியண்ணன், அது வெற்றிலைக் கறை, களஞ்சியத்து ஆட்கள் துப்பியது என்றார். படிக்குக் கீழே கூடியிருந்த வேலைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆத்தாயி குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

படுக்கையறைக் கதவு திறந்தது. குழந்தைவேல் வெளியே வந்தார். முப்பது வயதுக்காரர், நன்றாகச் சவரம் செய்த முகம். மாமியாரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். போடவில்லை.

"இத நான் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றாள் முத்தாயம்மாள். "எரிச்சதத்தான் நான் பாக்கல. எம் பொண்ணோடது இந்த வூட்டுல வேற ஒண்ணும் இல்ல."

குழந்தைவேல் கொஞ்சம் யோசித்தார். யோசித்தபோது அவர் முகத்திலிருந்த இறுக்கம் தளர்ந்ததைப் பாவாயி பார்த்தாள்.

"வேணுமின்னா எடுத்துட்டுப் போகட்டும்" என்று காளியண்ணனிடம் சொன்னார். "கல்லுக்கு என்ன பஞ்சமா."

கதவு சாத்திக்கொண்டது.

கந்தவேலும் பாவாயியும் வண்டிக்காரர் சின்னுசாமியுமாகக் கல்லைத் தூக்கினார்கள். இறங்கும்போது கனம் முழுவதும் கீழ்ப்பக்கம் நிற்கிறவன் மேல் விழும். கந்தவேல் கேட்காமலே கீழ்ப்பக்கம் போய்த் தோளைக் கொடுத்தான். தாங்கள் மினுக்கி வைத்த படிகளில் ஈரக் காலோடு ஒவ்வொன்றாக இறங்கினார்கள். வண்டியில் இடம் இல்லை. முத்தாயம்மாள் பாத்திரங்களை இறக்கச் சொன்னாள். அண்டா, குத்துவிளக்கு, செம்பு, சுப்பம்மாள் பேர் வெட்டிய குடம் எல்லாவற்றையும் வாசல் மண்ணில் வைத்துவிட்டு, வைக்கோலைப் பரப்பி அதன் மேல் கல்லைப் படுக்க வைத்தார்கள். அந்த அம்மாள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து தன் மடித்த சேலை ஒன்றை எடுத்து அதன் மேல் போர்த்தினாள்.

"பையப் போப்பா" என்று வண்டிக்காரரிடம் சொன்னாள். "குலுங்காமப் போ."

வண்டி ரோட்டுப் பக்கம் திரும்பும்வரை கந்தவேலும் பாவாயியும் வாசலில் நின்றார்கள். காளியண்ணன் பின்னாலிருந்து, பொழுது சாய்வதற்குள் சாளையைக் காலி செய்துவிட வேண்டும், பாறைப் பக்கம் தலை காட்டக் கூடாது என்றார். ஏதோ தினசரி வேலை சொல்வது போலத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அடிப்பான் என்று பாவாயி எதிர்பார்த்திருந்தாள். அவன் அடிக்கவில்லை. சாளைக்குள் போய் உளிகளை எடுத்துச் சாக்கில் சுற்றினான். சுத்தியல்களை அதற்கு மேல் வைத்துக் கட்டினான். கட்டிக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல் சொன்னான்.

"திருப்பிப் போடறப்பவே நானும் பாத்தேன் புள்ள. கண்ண மூடிக்கிட்டுத்தான் சுத்தியால தட்டுனேன்."

அவள் சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். சங்ககிரிப் பக்கம் பாறை இருக்கிறதாம், அங்கே அவன் அத்தை மகன் ராசு கல் உடைக்கிறானாம். ஆள் சேர்ப்பார்களா என்று தெரியாது. பாறையடியில் கிடந்த உரல்களைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. அவை கிடந்தபடியே கிடந்தன.

தையில் மிட்டாதார் வீட்டுக் கல்யாணம் குறித்த நாளில், குறித்த மாதிரியே நடந்தது. முத்தாயம்மாள் யாரிடமும் பிராது கொடுக்கவில்லை. யாரும் வந்து எதையும் விசாரிக்கவில்லை. இதெல்லாம் வெகுநாள் கழித்துச் சந்தைக்கு வந்தவர்கள் சொல்லித்தான் பாவாயி காதுக்கு எட்டியது. ஆத்தூர்க்காரி ஒரு கல்லை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அதோடு பேசிக்கொண்டே செத்துப்போனாள் என்றும் ஒருத்தன் சொன்னான். அது எவ்வளவு நிஜமோ.

அன்றைக்கு அவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. வெயில் தாழ்வதற்குள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். கந்தவேல் தலையில் சாக்கு மூட்டை, தோளில் கடப்பாரை. பாவாயி தலையில் சட்டி மூட்டை, இடுப்பில் குழந்தை. இரு பக்கமும் கருகிய சோளக் காடுகள் சலசலத்தன. கொஞ்ச தூரம் முன்னால் போனவன் நின்று, கடப்பாரையை வரப்பில் சாய்த்துவிட்டு, அவள் வந்து சேருமட்டும் காத்திருந்தான்.

"புள்ளய இங்க குடு" என்றான். "உன்ற கையி காந்தும்."